பீரோவுக்குப் பின்னால் ஒரு வெள்ளக்கோடு

தொண்ணூற்றிரண்டு வெள்ளம் பெரிதா, 2023 வெள்ளம் பெரிதா என்று எங்கள் தாமிரபரணிப் பக்கத்தில் ஒருவர் ஆரம்பித்துவிட்டால் பேச்சு லேசில் முடியாது. கல்யாண வீட்டுப் பந்தி, சலூன், பஸ்ஸுக்கு நிற்கிற வேப்பமரத்தடி, எங்கே வேண்டுமானாலும் கிளம்பும். ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் 92 கட்சி. அந்த நவம்பரில் ஆறு யார் வீட்டு மாட்டை இழுத்துக்கொண்டு போனது, யார் வைக்கோல்போர் மிதந்து போனது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். இளசுகள் 23 கட்சி. அவர்கள் கையில் வீடியோ இருக்கிறது. போனை நீட்டினால் பெரியவர்கள் கண்ணைச் சுருக்கி ஒரு நொடி பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஒரு வெள்ளமாலே?” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு கட்சிக்காரர்கள் மேலும் எனக்கு ஒரே எரிச்சல்தான். ஒருத்தராவது ஒரு அளவைச் சொல்லமாட்டார்கள். கேட்டால் இடுப்பு அளவு, கழுத்தளவு என்பார்கள். யாருடைய கழுத்து, அவர் எங்கே நின்றார் என்பதற்குப் பதில் கிடையாது.

எனக்கு அளவுப் பைத்தியம் உண்டு. அப்பாவிடமிருந்து வந்தது. காலையில் பேப்பர் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது அணைகளின் நீர்மட்டம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனாநதி 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36. இதெல்லாம் நிறையும் உயரங்கள். வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். அன்றைய மட்டம் எவ்வளவு, உள்ளே வருவது எத்தனை கன அடி, வெளியே போவது எத்தனை கன அடி என்று பார்த்துவிட்டு, கார் சாகுபடிக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பதை அப்பா காப்பி குடிப்பதற்குள் சொல்லிவிடுவார். பேப்பர் போய் போன் வந்தபிறகு எனக்கு வியாதி முற்றிவிட்டது. மழைக்காலம் பிறந்தால் ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூட ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு நினைப்பு வந்திருந்தது. அணைக் கணக்கு தெரிந்தால் ஆற்றின் கணக்கு தெரிந்துவிட்டது என்பதுதான் அது. பாபநாசத்தில் இவ்வளவு, மணிமுத்தாற்றில் இவ்வளவு, திறந்துவிட்டது இவ்வளவு, ஆக கீழே ஆற்றங்கரையில் இருக்கிற முறப்பநாட்டுக்கு வருவது இவ்வளவு. பெரும்பாலான நாட்களில் இந்தக் கணக்கு பொய்யாகாது. ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் யோசிக்கிறார்கள். வெள்ளம் வந்தால் முதல் கேள்வியே “அணையைத் திறந்துட்டானா?” என்பதுதான்.

2023 டிசம்பர் 17 ராத்திரியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம்மூர்க்காரர்கள் யாருக்கும் மறக்காது. நான் பாளையங்கோட்டையில் மாடியில் இருந்தேன். முதலில் கரண்ட் போனது, அப்புறம் சிக்னல் போனது. கீழே கருங்குளத்துப் பக்கம் ஆற்றங்கரையில் இருக்கிற பெரியப்பா வீட்டுக்குப் பேசவும் வழியில்லை, எந்த அளவையும் பார்க்கவும் வழியில்லை. மறுநாள் காலை எட்டரை வரைக்கும் இருபத்துநாலு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்பதெல்லாம் மெதுவாகத்தான் தெரியவந்தது. ஒரு வருஷம் முழுக்கப் பெய்யவேண்டியதைவிட அதிகமான மழை ஒரே நாளில் காயல்பட்டினத்தில் கொட்டியிருக்கிறது. அந்த எண்களைப் பார்த்தபோது என்னை உறுத்தியது ஒன்றுதான். இந்த ஊர்கள் எல்லாம் அணைகளுக்குக் கீழே இருப்பவை. நான் வருஷக்கணக்காகப் பார்த்துவந்த எந்தப் பட்டியலிலும் இந்தத் தண்ணீர் வராது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர். பதினாறு கிலோமீட்டர் நீளம், பதினாறு கிலோமீட்டர் அகலத்துக்கு 60 சென்டிமீட்டர் பெய்தால், ஐந்தரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) பிடிக்கிற மணிமுத்தாறு அணை அடியிலிருந்து நுனிவரை நிறைகிற அளவுக்குத் தண்ணீர். அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும், ஒரு பங்கு குளங்களில் நிற்கும். ஆனால் குளம் ஏற்கெனவே நிறைந்து மண்ணும் ஊறிக் கிடந்தால் மிச்சமெல்லாம் ஓடையில்தான் வரவேண்டும். அதாவது அன்றைக்கு சமவெளியிலேயே, மதகில்லாமல், திறப்பதற்கும் மூடுவதற்கும் ஆளில்லாமல், அணை அணையாகத் தண்ணீர் கிளம்பியிருக்கிறது. காயல்பட்டினத்தில் பெய்தது கடலைப் பார்த்துப் போகும், ஸ்ரீவைகுண்டத்துக்கு ஏறி வராது, சரி. ஆனால் மேலே மாஞ்சோலை மலையிலும் அன்று மழை. பச்சையாறு, கடனாநதி, சீவலப்பேரியில் வந்து சேர்கிற சிற்றாறு எல்லாம் சேர்ந்துதான் முறப்பநாட்டைத் தாண்டி வருகின்றன. வழியில் எத்தனையோ பெயரில்லாத ஓடைகள். அந்த ஓடைகளில் ஒன்றிலாவது ஒரு அளவுகோல் நட்டிருப்பதை நான் பார்த்ததில்லை.

சுவரில் இருந்த கோடுகள்

தண்ணீர் வடிந்து பாதை திறந்ததும் ஊருக்குப் போனேன். வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு பழுப்புக் கோடு. யாரோ நூல் பிடித்து இழுத்த மாதிரி வாசல், திண்ணை, கோயில், ரேஷன் கடை எல்லாவற்றையும் கடந்து தெரு முழுக்க ஒரே மட்டத்தில் ஓடியது. ஆனால் அன்றைக்கு அதை அளக்கிற புத்தி யாருக்கு வரும்? நெல் மூட்டை நனைந்து முளைவிட்டிருந்தது. பெரியம்மை பத்திரங்களையும் பேத்தியின் மார்க் ஷீட்டையும் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நானும் சேற்றை வழித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம் பொங்கல் வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. டிசம்பர் 18-ல் வெள்ளம், ஜனவரி 15-ல் பொங்கல். சேற்று வாடை போகவேண்டும் என்று, வழக்கமாக ஒரு பூச்சு அடிக்கிறவர்கள் அந்த வருஷம் இரண்டு பூச்சு அடித்தார்கள். நான் பொங்கலன்று போனபோது தெரு பளீரென்று இருந்தது. பழுப்புக் கோடு மருந்துக்குக்கூட இல்லை. அன்று சாயங்காலமே திண்ணையில் கச்சேரி ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுப் பையன் தன் மார்பில் கைவைத்துக் காட்டினான். பெரியப்பா எழுந்து நின்று தன் தொடையில் கைவைத்தார். “இவ்வளவுதாம்லே வந்துச்சு. தொண்ணூத்திரெண்டுல பிள்ளையார் கோயில்ல அடிச்ச கோட்டப் போயிப் பாரு.” ஒரு மாதத்துக்கு முந்தின வெள்ளம் அதற்குள் இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டது!

பெரியப்பா சொன்ன கோடு நிஜமாகவே இருக்கிறது. ஆற்றை ஒட்டிய தெருவின் தலைமாட்டில் சின்னப் பிள்ளையார் கோயில். அதன் கல்சுவரில் உளியால் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டு, பக்கத்தில் 92 என்று கொத்தியிருக்கிறார்கள். செய்தவர் இப்போது இல்லை. எங்கள் ஊரிலேயே நிரந்தரமாக இருக்கிற ஒரே வெள்ள அளவு அதுதான். 2023 கோடு அந்தச் சுவரில் எங்கே விழுந்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். மார்கழி பூஜைக்காகக் கோயிலை முதலிலேயே கழுவிவிட்டார்களாம்.

மாசியில் பெரியப்பா வீட்டில் வேலை வந்தது. தண்ணீரில் ஊறின தரை உள்வாங்கிவிட்டது. கொத்தனார் வந்து, உள்ளறைத் தரையைப் பேர்க்கவேண்டும், பீரோவை நகர்த்துங்கள் என்றார். இரும்பு பீரோ. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அதை நகர்த்த ஆளில்லாமல் முன்னாலும் பக்கத்திலும் மட்டும் அடித்து முடித்திருக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். பின்சுவரில் கோடு அப்படியே இருந்தது. வெளித்தெருவில் நான் பார்த்ததைவிட மெல்லிசு, பென்சிலால் போட்ட மாதிரி அத்தனை கூர்மை. மேலே வெள்ளை, கீழே பழுப்பு. இரண்டுக்கும் நடுவே உமியும் செத்தையும் ஒட்டின ஒரு வரி. தெருச்சுவரில் அலை அடிக்கும், லாரி போனால் தண்ணீர் தளும்பும், கோடு தடித்துப்போகும். மூடின அறைக்குள் தண்ணீர் ஆடாமல் நின்று ஆடாமல் இறங்கியிருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு உச்ச மட்டத்தைத் தேடிப் போகிற பொறியாளர்கள் வீட்டுக்குள் இருக்கிற கோட்டுக்குத்தான் முதல் மரியாதை கொடுப்பார்கள். காரணம் இதுதான்.

கொத்தனாரிடம் கேட்டேன். “அண்ணாச்சி, இந்த மட்டத்தைப் பிள்ளையார் கோயில் சுவருக்குக் கொண்டுபோக முடியுமா?”

“டியூப் இருக்கு தம்பி. ஆனா தெரு நீளத்துக்கு எட்டாது. தாண்டித் தாண்டித்தான் போவணும்.”

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூபைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி போல உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். இந்த முனையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில்தான் அந்த முனையிலும் நிற்கும். இதற்கு மிஞ்சின கருவி நம் ஊர் வீடுகளுக்குத் தேவைப்பட்டதில்லை. அவர் குடத்திலிருந்து தண்ணீரை வாயால் உறிஞ்சி டியூபை நிரப்பினார். பிறகு முழு நீளத்தையும் விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். குமிழி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டாலும் மட்டம் பொய் சொல்லிவிடும். ஒரு முனையை நான் பீரோ சுவர்க் கோட்டில் பிடித்தேன். மறுமுனையோடு அவர் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனார். “கொஞ்சம் இறக்கு… ஏத்து… நில்லு.” தண்ணீர் ஆடி ஆடி நின்றதும் எதிரில் இருந்த கரண்ட் கம்பத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. அடுத்தது கம்பத்திலிருந்து ரேஷன் கடைச் சுவர். அங்கிருந்து ஒரு காம்பவுண்டு. தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. மட்டம் தவறாமல் வந்ததா என்று உறுதி செய்ய கொத்தனார் திரும்பவும் கோயிலிலிருந்து வீடுவரை ஒரு தடவை கொண்டுவந்தார். அது அவராகவே செய்தது, நான் கேட்கவில்லை. பீரோ சுவரில் வந்து விழுந்த கோட்டுக்கும் பழைய கோட்டுக்கும் விரல்கடை வித்தியாசம்கூட இல்லை.

கோயில் சுவரில் சாக்கட்டிக் கோடு 92-க்கு மேலே விழுந்தது, ஏறக்குறைய ஒரு சாண். அதுவும் கோயில் வீட்டைவிட ஆற்றின் மேல்கைப் பக்கம் இருக்கிறது. ஓடுகிற தண்ணீர் மேலிருந்து கீழாகச் சரிந்துதான் வரும். அதனால் கோயிலருகே அன்றைய தண்ணீர் பெரியப்பா வீட்டு மட்டத்தைவிடச் சற்று உயர்ந்துதான் நின்றிருக்கும். எப்படிப் பார்த்தாலும் 23 தான் மேலே. இளசுகள் கைதட்டினார்கள். ஒருவன் போட்டோ எடுத்து உடனே ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான்.

பெரியப்பா கிட்டே வந்தார், இரண்டு கோடுகளையும் பார்த்தார். தோற்றவர் முகமாக அது இல்லை. “மட்டம் மேல நிக்குன்னா தண்ணி கூடன்னு ஆயிருமாலே? அப்ப ஆறு அம்மணமா கெடந்துச்சு. இந்தக் கரையில நின்னா அந்தக் கரை மாடு தெரியும். இப்பப் பாரு, பூரா உடமரம். பாதையில மரத்த வெட்டிப் போட்டா பாதிக் கூட்டம்கூட நெருக்கியடிக்கும்லா?” என்றார். எங்கள் பக்கத்தில் சீமைக்கருவேலத்தை உடமரம் என்றே பலர் சொல்வார்கள். அவர் கையை நீட்டிய பக்கம் பார்த்தேன். ஆற்றின் நடுவாய்க்கால் தவிர மிச்சமெல்லாம் கருவேலங்காடு.

ஒரு அளவு கிடைத்தால் சண்டை முடிந்துவிடும் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அளவு கிடைத்ததும்தான் சண்டை சரியான இடத்தில் ஆரம்பித்தது.

மட்டமும் ஓட்டமும்

பெரியப்பா சொன்னது நீரியல் புத்தகத்தில் இருப்பதுதான். கோல் காட்டுவது மட்டம். நமக்கு வேண்டியது ஓட்டம், அதாவது வினாடிக்கு எத்தனை கன அடி என்பது. ஆற்றில் தண்ணீர் நிற்கிற குறுக்குப் பரப்பைக் கண்டுபிடித்து, அதைத் தண்ணீரின் வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் வரும். வேகத்தை அளக்கச் சின்னக் கிண்ணங்கள் சுழல்கிற கருவியை ஆற்றில் இறக்குவார்கள். ஆழம் குறைவான இடத்தில் மேலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்திலும், ஆழமான இடத்தில் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு என்று இரண்டு ஆழங்களிலும் பார்ப்பார்கள். இப்படி ஒவ்வொரு இடமாக, இக்கரையிலிருந்து அக்கரை வரை. தினமும் இதைச் செய்துகொண்டிருக்க முடியாது. அதனால் பலதரப்பட்ட மட்டங்களில் அளந்து, இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைகோடு வரைந்துவைத்துக்கொள்வார்கள். பிறகு கோலைப் பார்த்தால் போதும், கோட்டைப் பார்த்துக் கன அடியைச் சொல்லிவிடலாம். முறப்பநாட்டில் மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையம் இருப்பது இந்த மாதிரி வேலைக்குத்தான்.

பெருவெள்ளம் வரும்போதுதான் சிக்கல். மரமும் மாடும் உருண்டு வருகிற ஆற்றில் கருவியை யார் இறக்குவது? ஆகவே மிக உயர்ந்த மட்டங்களுக்கு அளந்த புள்ளிகள் இருப்பது அபூர்வம். நாம் கேட்கிற உச்ச ஓட்டத்தின் எண் பல இடங்களில் அந்த வளைகோட்டை மேலே நீட்டிக் கண்டுபிடித்ததாகவே இருக்கும். ஸ்ரீவைகுண்டம் மாதிரி, ஆற்றை மறித்து வாய்க்காலுக்குத் திருப்புகிற அணைக்கட்டில் கதை கொஞ்சம் வேறு. தடுப்புச் சுவருக்கு மேலே தண்ணீர் எவ்வளவு உயரத்தில் வழிகிறது என்பதை வைத்துச் சூத்திரத்தில் கணக்கிடலாம். ஆனால் கீழ்ப்பக்கத் தண்ணீரும் ஏறிவந்து சுவரையே முழுக்கிவிட்டால் அந்தச் சூத்திரத்துக்கு வேறு திருத்தம் போடவேண்டும். தண்ணீர் அணைக்கட்டைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் புகுந்துவிட்டால் அந்தப் பங்கு கணக்கிலேயே வராது. 2023-ல் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி ஓடியது ஒரு லட்சம் கன அடி என்றும், இல்லை ஒன்றரை லட்சம் என்றும் ஆளாளுக்குச் சொன்னார்கள். இவ்வளவு வித்தியாசமா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது வருவதில்லை. ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் ஓடினால் 8.64 டி.எம்.சி. பாபநாசமும் மணிமுத்தாறும் சேர்ந்து பிடிப்பது 11 டி.எம்.சி. அப்படி ஒரு தண்ணீர் ஓடும்போது எந்தக் கோலும் எந்தச் சூத்திரமும் தன் எல்லையைத் தாண்டித்தான் நிற்கும்.

பெரியப்பாவின் உடமரத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. ஆற்றுப்படுகையின் கரடுமுரடைக் கணக்கில் சேர்க்க ஒரு கெழுவைப் பயன்படுத்துவார்கள். சுத்தமான மண் படுகைக்கு அது 0.03 வாக்கில் இருக்கும். அடர்ந்த புதருக்கு 0.1 வரை போகும். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், புதருக்குள் ஓடுகிற தண்ணீரின் வேகம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். வேகம் குறைந்தால், அதே தண்ணீர் போய்ச் சேர மட்டம் ஏறித்தான் ஆகவேண்டும். ஆக 92 கட்சிக்கு வலுவான வாதம் இருக்கிறது. ஆனால் அதோடு முடியவில்லை. கொத்தனார் மணல் வேலையில் இருந்தவர். டியூபைச் சுருட்டிக்கொண்டே, “அப்படிப் பாத்தா மண்ணு அள்ளுனதுல ஆறு எம்புட்டு ஆழம் போயிருக்கு அண்ணாச்சி? ஆழமான ஆத்துல தண்ணி கீழல்லா போவணும்?” என்றார். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடைவிதித்தது. அதற்கு முன்னால் அள்ளினது திரும்ப வந்து சேரவில்லை. படுகை ஆழமானால் அதே தண்ணீருக்கு மட்டம் இறங்கும். கருவேலம் ஒரு பக்கம் தூக்குகிறது, மணல் போன பள்ளம் ஒரு பக்கம் இறக்குகிறது. இரண்டில் எது எவ்வளவு என்று தெரியாமல் ஒரு சாண் உயர்வை வைத்துக்கொண்டு எந்த வெள்ளம் பெரிது என்று யாராலும் சொல்லமுடியாது.

இதைத் தீர்க்க வழியில்லாமல் இல்லை. வெள்ளம் வடிந்த கையோடு, ஆற்றின் ஒரு பகுதியில் மூன்று நாலு இடங்களில் இரு கரையிலும் உச்சக் கோடுகளைக் குறித்து, தண்ணீர் சரிந்த சரிவைக் கண்டுபிடித்து, அந்த இடங்களில் ஆற்றின் குறுக்குவெட்டையும் அளந்துவிட்டால், கருவி இறக்காமலேயே உச்ச ஓட்டத்தை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள். இதற்கு வேண்டியது கோடுகள். நம் கோடுகள் பொங்கல் வரைக்கும்தான் இருக்கும்.

ஆற்றுக்குள் நிற்கிறவை

பழையவர்கள் ஆற்றை அளக்காமல் இருந்துவிடவில்லை, அளவை வேறு மாதிரி வைத்திருந்தார்கள். திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. தண்ணீர் ஏறுகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் கரைமேல் இருக்கிற மேலக்கோயிலுக்கு எடுத்துவந்துவிடுவார்கள். திருநெல்வேலிக்காரர்கள் வெள்ளத்தைப் பேசும்போது, தைப்பூச மண்டபம் முழுகிவிட்டதா, குறுக்குத்துறையில் கோபுரம் தெரிகிறதா என்றுதான் கேட்பார்கள். கன அடியெல்லாம் அதற்கப்புறம். 1843-ல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டின பாலமும் அப்படி ஒரு அளவுகோல்தான். 1869 வெள்ளத்தில் அதன் வளைவுகளில் சில இடிந்துபோயின. அன்றைய ஓட்டம் எத்தனை கன அடி என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு பாலத்தின் வளைவை உடைக்கிற தண்ணீர் 1869-ல் வந்தது என்பது நிச்சயம். வரலாறு காணாத வெள்ளம் என்று டிவியில் கத்தும்போதெல்லாம் எனக்கு அந்த வருஷம் ஞாபகம் வரும்.

ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் வெள்ளம் ஏறினால் சங்கு தானாக ஊதும் என்று ஒரு கதை, மழைக்கு மழை வாட்ஸ்அப்பில் வந்துவிடும். எங்கள் ஊரில் அதைக் கேட்ட ஆள் ஒருவரும் அகப்படவில்லை. அதைப் பரப்புகிறவர்கள் பக்கத்தில் இருக்கிற ரயில் பாலத்தைப் போய்ப் பார்க்கலாம். ரயில்வேக்காரர்கள் பாலத்தின் தூணில் அபாய மட்டத்தையும், இதுவரை வந்த உச்ச மட்டத்தையும் வருஷத்தோடு பெயின்டால் எழுதிவைத்திருப்பார்கள். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. என் கணக்குக்கு அது ஆயிரம் சங்குக்குச் சமம்.

எனக்குக் கவலை பெரிய ஆற்றைப் பற்றி அல்ல. தாமிரபரணிக்கு முறப்பநாடு இருக்கிறது, எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன, எப்படியும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சின்ன ஓடைக்குத்தான் நாதியில்லை. பெரிய ஆறு ஏற மணிக்கணக்காகும். காட்டாறும் ஓடையும் நிமிஷத்தில் ஏறும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கின தண்ணீர் பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அருவிக்கு மேலே மலையில் பெய்தது கீழே நின்றவர்களுக்குத் தெரிய வழியில்லை. அந்த மாதிரி இடத்தில் மேலே ஒரு கோலும், அதைப் பார்த்துக் கீழே சொல்ல ஒரு வழியும் வேண்டும் என்பது பெரிய விஞ்ஞானம் இல்லை. எங்கள் ஊர் நுழைவில் இருந்த பாலம் சாதாரண நாளில் ஆடு நனையாமல் கடக்கிற ஓடைமேல் இருந்தது. 2023-ல் அந்த ஓடை பாலத்தையே காணாமல் அடித்துவிட்டது. அதில் எவ்வளவு ஓடியது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த ஓடையில் அப்படி ஒரு வெள்ளம் வரவே இல்லை.

அந்தப் பாலத்தைத் திரும்பக் கட்டுவதற்கு அளவெடுக்க ஒரு பொறியாளர் தம்பி வந்திருந்தார். முக்காலி, லெவல் கருவி, அடி குறித்த நீளக் கோல் எல்லாம் இருந்தது. வெள்ள மட்டம் எவ்வளவு என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பாலத்தடியில் கூடி நின்றவர்களிடம், “எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேட்டார். ஒருவர் வேப்பமரத்தின் கிளையைக் காட்டினார். ஒருவர் தன் தோளைத் தொட்டார். டீக்கடைக்காரர் கடைக்கூரையைக் காட்டினார். தம்பி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். புதுப்பாலத்தின் உயரம் அந்த மூன்றில் ஒன்றை வைத்து முடிவாகப்போகிறது என்று புரிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவரைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

பீரோ அதற்குள் பழைய இடத்துக்கே போய்விட்டது. திரும்பவும் தள்ளினோம். கோட்டைப் பார்த்ததும் தம்பி முகம் மாறியது. “சார், இதை அழிச்சிராதீங்க” என்றார். வாசலில் கருவியை நிறுத்தி, கோட்டுக்கு நேராகக் கோலைப் பிடிக்கச் சொல்லி, மட்டத்தை எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டார். பாலம் இருந்த இடம்வரை கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்து அந்த மட்டத்தைக் கொண்டுபோனார். ஆற்றுத் தண்ணீர் ஓடைக்குள் ஏறி நின்றதா, ஓடையின் சொந்தத் தண்ணீரா என்று அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. முதலில் ஓடை பாலத்தை உடைத்தது, விடிந்தபிறகுதான் ஆறு உள்ளே வந்தது என்று டீக்கடைக்காரர் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்.

பெரியப்பா விடவில்லை. பிள்ளையார் கோயிலுக்கும் வந்து 92 கோட்டையும் எடுக்கவேண்டும் என்று பிடிவாதம். தம்பிக்கு அது தேவையில்லை, இருந்தாலும் பெரியவர் பேச்சைத் தட்டாமல் வந்து எடுத்தார். நோட்டில் எழுதப் போனவர், “இது 92 தானா, அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா ஐயா?” என்று கேட்டார்.

“நாந்தான் தம்பி ஆதாரம். எழுதிக்கிடுங்க.”

பொதுப்பணிக் கணக்குகளில் இதற்கென்றே ஒரு வாசகம் இருக்கிறது. அளந்த பதிவு இல்லாத இடத்தில், ஊரில் விசாரித்து வெள்ள மட்டத்தைக் குறிப்பது வழக்கம். தம்பி இரண்டு மட்டங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் ‘உள்ளூர் விசாரணைப்படி’ என்று போட்டார். பெரியப்பா எட்டிப் பார்த்து, 92-ஐ மேலே எழுதியிருக்கலாம் என்றார்.